கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

பெண் கொடுப்பதற்கு முன்னால் விசாரிக்கிற விஷயங்கள் ஊருக்கு ஊர் மாறும். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கிராமங்களில் தண்ணீர் வசதிக்கு அடுத்தபடியாக விசாரிப்பது பஸ்ஸைத்தான். ‘ஊருக்குள்ள பஸ் வருமா, இல்லை மெயின் ரோட்டுல இறங்கி நடக்கணுமா? கடைசி பஸ் எத்தனை மணிக்கு?’ மகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போதும், பேரனுக்குக் காய்ச்சல் அடிக்கும்போதும்தான் இந்தக் கேள்விகளின் அருமை புரியும். ‘மாப்பிள்ளை வீட்டில் கார் இருக்கிறதா?’ என்பதெல்லாம் பின்னால் வந்து சேர்ந்த கேள்வி.

டி.வி. விளம்பரங்களைப் பார்த்தால் நாட்டில் எல்லோர் வீட்டு வாசலிலும் கார் நிற்பதுபோலத் தோன்றும். உண்மை வேறு. 2019-21ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் நூறு வீடுகளில் ஏறத்தாழ எட்டு வீடுகளில்தான் கார் இருக்கிறது. பக்கத்து மாநிலமான கேரளத்தில் அது 24. தமிழ்நாட்டிலோ ஆறு, ஏழுதான். ‘கார் இல்லாமல் அன்றாட வாழ்க்கையை ஓட்ட முடியுமா?’ என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டின் நூற்றில் தொண்ணூற்று மூன்று வீடுகள் தினமும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. முடியும். ஆனால், எப்படி முடிகிறது, அதற்கு யார் எதை விலையாகக் கொடுக்கிறார்கள் என்பதைப் பார்க்க, விருதுநகர் மாவட்டத்தின் இந்த வறண்ட பூமி சரியான இடம்.

வானம் பார்த்த பூமி, பஸ் பார்த்த ஜனம்

அருப்புக்கோட்டை நெசவுக்கும் நூற்பாலைகளுக்கும் பேர்பெற்ற ஊர். மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நான்குவழிச் சாலையில், மதுரைக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கிறது. மாவட்டத் தலைநகரான விருதுநகர் மேற்கே சுமார் 20 கிலோமீட்டர். கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால், ரமண மகரிஷி 1879-ல் பிறந்த திருச்சுழி. குண்டாற்றங்கரையில் இருக்கும் இந்த ஊர்தான் தாலுகா தலைநகரம். அதற்கும் அப்பால் நரிக்குடி, வீரசோழன் என்று ராமநாதபுரம், சிவகங்கை எல்லை வரை சிறு சிறு கிராமங்கள். நடுவில் கரிசல் காடு, கண்மாய், சீமைக்கருவேலம், கரிமூட்டப் புகை.

நஞ்சை பூமியில் ஓர் ஊர் முடியும் இடத்தில் அடுத்த ஊர் தொடங்கிவிடும். இங்கே அப்படியில்லை. மழையை நம்பிய மண்ணில் ஊர்கள் விலகி விலகித்தான் இருக்கும். ஒரு ஊரில் ரேஷன் கடையும் தொடக்கப் பள்ளியும் இருக்கலாம். மேல்நிலைப் பள்ளி, வங்கி, ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ், உரக்கடை, நகைக்கடை எல்லாம் வேறு ஊர்களில். அதனால் இங்கே எந்தக் காரியமும் ஒரு பயணம்தான்.

அந்தப் பயணத்தை ஒரு தலைமுறைக்கு முன் மாட்டு வண்டியும் கால்களும் தாங்கின. மழைக் காலத்தில் கரிசல் பாதையில் நடந்தவர்களுக்குத் தெரியும்... செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொள்ள வேண்டும். மட்கார்டுக்குள் மண் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது. தார்ச்சாலை வந்த பிறகுதான் ஊர்கள் கிட்டே வந்தன. 2000-ம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் போன்றவை நாடு முழுக்க இந்த மாற்றத்தை வேகப்படுத்தின.

மதுரைச் சீமையில் பஸ் என்றாலே ஒரு காலத்தில் டி.வி.எஸ்-தான். அந்த பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்துக்கு நேரம் வைப்பார்கள் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1972-ல் பஸ் போக்குவரத்து அரசுடைமையாகி, மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. லாபம் வராத கிராமங்களுக்கும் பஸ் விடும் பொறுப்பை அரசு எடுத்துக்கொண்டது அப்போதுதான். பேர் மாறி, நிறம் மாறி ஓடினாலும் இந்த வட்டாரத்தின் உயிர்நாடி இன்றும் அந்த பஸ்கள்தான். கூடவே தனியார் பஸ்கள், மினி பஸ்கள், ஷேர் ஆட்டோக்கள்.

காலை 5 மணிக்குத் தொடங்கும் கணக்கு

மல்லிகை பறிக்கிற வீட்டை எடுத்துக்கொள்வோம். அருப்புக்கோட்டையைச் சுற்றி மல்லிகைத் தோட்டங்கள் உண்டு. புவிசார் குறியீடு பெற்ற ‘மதுரை மல்லி’ விளையும் பகுதிகளில் விருதுநகர் மாவட்டமும் ஒன்று. மொட்டாக இருக்கும்போதே பறித்து, வெயில் ஏறுவதற்குள் மார்க்கெட்டில் சேர்த்தாக வேண்டும். நேரம் தாண்டினால் மொட்டு விரியும், விலை இறங்கும். பூ மூட்டை முதல் பஸ்ஸில் ஏறுகிறதா, அடுத்த பஸ்ஸில் ஏறுகிறதா என்பது அன்றைய வருமானத்தைத் தீர்மானிக்கும்.

அடுத்து, மில் வேலைக்குப் போகிறவர்கள். பல நூற்பாலைகள் கிராமங்களுக்கே வேன் அனுப்பி ஆட்களை ஏற்றிச் செல்கின்றன. வேன் வரும் ஊரில் வேலை உண்டு. வராத ஊரில் இல்லை. பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளைகள். இலவச பஸ் பாஸ் இருக்கிறது. ஆனால், காலை பஸ் ஒன்று வராமல் போனால் முதல் பாடவேளை போய்விடும். மாலை சிறப்பு வகுப்பு வைத்தால், வீடு திரும்ப பஸ் இருக்குமா என்று பார்த்துத்தான் பெற்றோர் சம்மதிப்பார்கள். முக்கியமாக, பெண் பிள்ளைகளை.

கடைசியாக, தாலுகா ஆபீஸ் வேலை. சாதிச் சான்றிதழ், பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை என எதுவானாலும், காலையில் கிளம்பி, ‘அதிகாரி வெளியே போயிருக்கிறார், நாளைக்கு வாங்க’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்புகிறவருக்கு ஒரு நாள் கூலி போனது போனதுதான். வீட்டில் கார் வைத்திருப்பவருக்கு அது அரை மணி நேர எரிச்சல். பஸ்ஸை நம்பியிருப்பவருக்கு அது ஒரு நாள்.

கார் இல்லாத வீடு கொடுக்கும் உண்மையான விலை இதுதான். பஸ் டிக்கெட்டுக்கு ஆகும் பணம் பெரிதில்லை. காத்திருக்கும் நேரம்தான் பெரிது.

கார் வாங்கினால் என்ன ஆகும்?

‘அப்படியானால் கார் வாங்கிவிட வேண்டியதுதானே?’ என்று தோன்றலாம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். சிறிய கார் ஒன்றுக்கு 5 லட்ச ரூபாய் கடன், 9.5 சதவிகித வட்டி, ஏழு ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொண்டால், மாதத் தவணை மட்டும் சுமார் 8,200 ரூபாய். இன்ஷூரன்ஸ் ஆண்டுக்கு 15,000 என்றால் மாதம் 1,250. மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 18 கிலோமீட்டர் மைலேஜ், 100 ரூபாய் பெட்ரோல் என்று வைத்தாலும் சுமார் 2,800 ரூபாய். சர்வீஸ், டயர், பஞ்சர் எதையும் சேர்க்காமலே மாதம் 12,000 ரூபாயைத் தாண்டுகிறது.

2025-26-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். அந்தக் கூலியில் கார் வைத்திருக்க வேண்டுமென்றால் மாதத்தில் 36 நாள் வேலை பார்க்க வேண்டும். மாதத்தில் இருப்பதோ 30 நாள்தான்!

மாதச் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்குக்கூட இந்தக் கணக்கு இடிக்கும். கார் கட்டாயம் தேவைப்படும் நாள்களை எண்ணிப் பார்த்தால், பெரும்பாலான குடும்பங்களுக்கு ஆண்டில் பத்து, பன்னிரண்டுதான் தேறும். ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, வயதானவரை மதுரைக்கு ஸ்கேன் எடுக்க அழைத்துப்போகும் நாள், பிரசவம் முடிந்து மகளைக் கூட்டிவரும் நாள். அந்த நாள்களுக்கு வாடகைக் கார் போதும். குலதெய்வக் கோயிலுக்கு என்றால் அங்காளி பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து ஒரு வேன் பிடிப்பார்கள். மாசி சிவராத்திரிக்கும் பங்குனி உத்திரத்துக்கும் இந்தப் பக்கத்துச் சாலைகளைப் பார்த்தால் தெரியும். ஒரு வேனில் மூன்று தலைமுறை, மேலே பொங்கல் பானை. வெளிநாடுகளில் ‘கார் பகிர்வு’ என்று சங்கம் வைத்துச் செய்வதை, இங்கே பங்காளி முறையிலேயே செய்துகொண்டிருக்கிறார்கள்.

இடைவெளியை நிரப்பும் இரண்டு சக்கரம்

பஸ்ஸுக்கும் காருக்கும் நடுவில் உள்ள பெரிய இடைவெளியை இங்கே நிரப்புவது டூவீலர். அதிலும் மொபெட்டுக்குத் தனி மரியாதை. 1980-ல் ‘டி.வி.எஸ் 50’ வந்தது. இரண்டு பேர் உட்காரும்படி இந்தியாவில் வந்த முதல் மொபெட் அது. அதன் வாரிசான எக்ஸ்.எல். வண்டியில் ஏறாத பொருளே இந்தக் கிராமங்களில் கிடையாது. முன்னால் தண்ணீர்க் குடம், பின்னால் பருத்தி மூட்டை, நடுவில் பிள்ளை. ஆட்டுக்குட்டிகூட அதில்தான் சந்தைக்குப் போகும்.

ஆனால், இந்த வசதிக்கும் ஒரு விலை உண்டு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர், அதாவது பத்தில் நான்கு பேருக்கு மேல், டூவீலரில் சென்றவர்கள். நான்குவழிச் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டிய கிராமங்களுக்கு இது வெறும் புள்ளிவிவரம் கிடையாது. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவரைக் கூட்டிவர ஒருவர் ஹெல்மெட் இல்லாமல் கிளம்புவதும், ஒரு வண்டியில் மூன்று பேர் உட்காருவதும் பெரும்பாலும் அவசரத்தால் நடப்பவை. பஸ் நேரத்துக்கு வந்தால் அந்த அவசரங்களில் பாதி குறையும். நல்ல பஸ் வசதி என்பது சாலைப் பாதுகாப்புத் திட்டமும்கூட.

சைக்கிளையும் மறக்கக் கூடாது. ப்ளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு தரும் இலவச சைக்கிள்தான் பல வீடுகளில் குடும்பத்தின் முதல் ‘சொந்த வண்டி’. இதே போன்ற வறண்ட மாவட்டமான புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தில், எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் பெண்களுக்குக் கற்றுத்தரப்பட்டது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் அதைப் பற்றி எழுதி நாடே வியந்தது. தண்ணீர் எடுக்க, விளைந்ததை விற்க, பிள்ளையைப் பள்ளியில் விட என எதற்கும் வீட்டு ஆண்களை எதிர்பார்க்காத நிலையை ஒரு சைக்கிள் கொடுத்தது.

டிக்கெட் இலவசம்... பஸ்?

அதே கதையின் அடுத்த அத்தியாயம்தான் மகளிர் இலவசப் பயணம். 2021 மே 8 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இப்போது அதற்கு ‘விடியல் பயணம்’ என்று பேர். மாநிலத் திட்டக் குழு நடத்திய ஆய்வில், இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவது தெரியவந்தது. கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது இரண்டரை நாள் சம்பளம்.

பணத்தைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் அம்மா வீட்டுக்கோ, ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டுமானால் பஸ்ஸுக்குக் காசு கேட்க வேண்டும். காசு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். இப்போது அந்தக் கேள்வி, பதில் இல்லை. 

ஆனால், சலுகை டவுன் பஸ்ஸுக்கு மட்டும்தான். மஃப்சல் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுக்க வேண்டும். அதனால் கண்ணெதிரே மஃப்சல் பஸ்களைப் போகவிட்டு, டவுன் பஸ்ஸுக்காக நிற்கிற பெண்களை எந்த ஊர் நிறுத்தத்திலும் பார்க்கலாம். மிச்சமான பணத்தில் ஒரு பகுதியை அவர்கள் நேரமாகத் திருப்பிக் கட்டுகிறார்கள். நாளைக்கு இரண்டு நடை மட்டுமே டவுன் பஸ் வரும் ஊரில், சலுகையின் பயனும் இரண்டு நடைதான். டிக்கெட் இலவசமானது முதல் படி. பஸ் அடிக்கடி வருவது இரண்டாவது படி. அந்த இரண்டாவது படியில்தான் கிராமங்கள் இன்னும் கால் வைக்கக் காத்திருக்கின்றன.

ராத்திரி பத்து மணிக்கு மேல்

கார் இல்லாத வீட்டின் பெரிய பயம் ராத்திரிதான். நெஞ்சுவலி, பாம்புக்கடி, பிரசவ வலி எதுவும் பஸ் டைம் பார்த்து வருவதில்லை. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வருவதற்கு முன், ஊரில் கார் வைத்திருக்கும் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவதுதான் வழி. அவர் மனதும் வண்டியும் தயாராக இருக்க வேண்டும். இன்று அந்தக் கதவைத் தட்டும் வேலையை ஒரு போன் செய்கிறது.

எல்லோரும் போனில் பதிந்துவைக்க வேண்டிய எண்கள் இன்னும் இரண்டு. அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டுவந்து விடும் இலவச வாகனத்துக்கு 102. அரசு மருத்துவமனையில் இறந்தவரின் உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுவரும் இலவச அமரர் ஊர்திக்கு 155377. பிறப்புக்கும் இறப்புக்கும் வண்டி தேடி அலைந்த காலம் இந்த எண்களால் கொஞ்சம் மாறியிருக்கிறது.

தூரமும் குறைந்திருக்கிறது. பெரிய வைத்தியம் என்றால் மதுரை பெரியாஸ்பத்திரி என்றிருந்த நிலையில், 2022 ஜனவரியில் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பி.பி. மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 2025 ஆகஸ்டில் தொடங்கிய ‘தாயுமானவர்’ திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீட்டு வாசலுக்கு வருகிறது. இதில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. கார் இல்லாத வாழ்க்கையை எளிதாக்க எப்போதும் வண்டிதான் தேவை என்பதில்லை. மனிதர் அலைவதற்குப் பதிலாகச் சேவை அலைந்தாலும் போதும்.

மணி அடித்தாற்போல வரும் மஞ்சள் பஸ்

உலகத்தில் பணக்கார நாடுகளில் ஒன்று ஸ்விட்சர்லாந்து. கார் வாங்க முடியாதவர்கள் அங்கே குறைவு. ஆனாலும், மலைக்கு மேலே இருக்கும் சின்ன கிராமங்களுக்கும் மஞ்சள் நிற ‘போஸ்ட் பஸ்’ போகிறது. 1982 முதல் அங்கே ரயில்கள் மணிக்கு மணி, ஒரே நிமிடக் கணக்கில் வருகின்றன. ரயில் வந்து நிற்கும் நேரத்துக்கு ஏற்ப பஸ் காத்திருக்கும். ‘அடுத்த பஸ் எப்போது?’ என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த மலைக் கிராமத்தில் கார் இல்லாமலும் நிம்மதியாக வாழ முடிவது, பஸ்ஸின் சொகுசால் மட்டும் இல்லை. சொன்ன நேரத்துக்கு வரும் என்ற நம்பிக்கையால்.

அருப்புக்கோட்டைப் பக்கம் தண்டவாளம் இல்லாமல் இல்லை. விருதுநகர் - அருப்புக்கோட்டை - மானாமதுரை ரயில் பாதை 1963-64-லேயே வந்துவிட்டது. திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் ஸ்டேஷன் உண்டு. 2013-ல் அகலப் பாதையாகவும் மாறியது. சென்னை - செங்கோட்டை சிலம்பு எக்ஸ்பிரஸ் இந்த வழியாகத்தான் ஓடுகிறது. ஆனால், வேலைக்குப் போய்வர, காலையும் மாலையும் நம்பி ஏறும்படி அடுத்தடுத்து ரயில்கள் இல்லை. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்குப் புதிய ரயில் பாதை அமைக்கும் திட்டமும் பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருக்கிறது. பாதை இருந்தும் வண்டி இல்லை என்பதும் ஒரு வகை வறட்சிதான்.

நம்பிக்கை தருவது மினி பஸ். 1997-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய மினி பஸ் திட்டம், பெரிய பஸ் நுழைய முடியாத ஊர்களுக்கு முதல்முறையாகக் கதவைத் திறந்தது. நடுவில் கட்டுப்படியாகாமல் பல வண்டிகள் நின்றுபோயின. 2025 ஜூனில் புதிய மினி பஸ் திட்டம் தொடங்கியிருக்கிறது. 25 கிலோமீட்டர் வரை ஓடலாம். அதில் பெரும்பகுதி இதுவரை பஸ் போகாத பாதையாக இருக்க வேண்டும் என்பது விதி. சிதறிக் கிடக்கும் கரிசல் கிராமங்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற ஏற்பாடு இது, உரிமம் வாங்கியவர்கள் கூட்டமில்லாத மதிய நடையையும் விடாமல் ஓட்டினால்.

கேட்டால் கிடைக்கும்

பஸ் வசதி தானாக வருவது குறைவு. கேட்டு வாங்குவதே அதிகம். கேட்பதற்கு இடங்களும் உண்டு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ‘எங்கள் ஊருக்கு பஸ் வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, ‘பள்ளி விட்ட பிறகு 5.30 மணிக்கு ஒரு நடை வேண்டும். ராத்திரி கடைசி பஸ்ஸை ஒரு மணி நேரம் தள்ளி விட வேண்டும். டவுன் பஸ் வராத நாள்கள் இவை’ என்று நேரமும் காரணமும் எழுதித் தீர்மானம் போட்டால் அதற்கு எடை அதிகம். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க் கூட்டத்தில் அந்தத் தீர்மான நகலோடு மனு கொடுக்கலாம்.

கார் வாங்குவது குற்றமில்லை. முதுகு வலிக்கிற அப்பாவையும் நடக்க முடியாத பாட்டியையும் வைத்திருக்கும் வீட்டுக்கு அது தேவையாகவும் இருக்கலாம். ஆனால், பஸ் ஒழுங்காக வராததாலேயே கடன் வாங்கிக் கார் எடுக்க வேண்டிய நிலை ஒரு குடும்பத்துக்கு வரக் கூடாது. கார் வாங்க முடிந்தவர் வாங்கிவிட்டால் பஸ்ஸில் ஓர் ஆள் குறைவார். ஆள் குறைந்தால் நடை குறையும். நடை குறைந்தால், காரும் வாங்க முடியாத கடைசி மனிதர் நடுரோட்டில் நிற்பார். அப்படி நிற்கிறவர் பெரும்பாலும் பூ விற்கும் அம்மாவாகவோ, பள்ளிக்கூடப் பிள்ளையாகவோ, மாத்திரை வாங்கப் போன தாத்தாவாகவோதான் இருப்பார்.

கார் இல்லாமல் வாழலாம். இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துகொண்டும் இருக்கிறார்கள். பஸ் இல்லாமல் வாழ்வதுதான் கஷ்டம். பெண் கொடுப்பவர்கள் ‘கடைசி பஸ் எத்தனை மணிக்கு?’ என்று கேட்பது அதனால்தான். ‘எந்நேரமும் இருக்கு, கவலைப்படாதீங்க’ என்று சம்பந்தி தைரியமாகப் பதில் சொல்கிற ஊருக்கு வரன்கள் மட்டுமா, வசதிகளும் தேடி வரும்!